ஏழாம் நம்பர் கட்டில் ஓவர் கொடுத்தது

1

கப்பல் நாளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இறங்கிய நம் ஆட்கள் வருஷத்துக்கொரு மலர் போடுகிறீர்கள், அதில் இந்தப் பக்கம் வந்து விழுந்தவர்களில் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று. சரி, எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் போனவள் நான். அந்த மூன்று வகுப்பையும் நன்றாகவே படித்தேன். என் பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இதை யாரும் திருத்தவில்லை. நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், பிள்ளைகள் படிக்குமே என்று சொல்கிறேன். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, உங்கள் நாட்டுக்கே போங்கள் என்று நம்மை அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு நீலகிரி என்று சீட்டு வந்தது. எங்களுக்குக் கட்சால் என்று வந்தது. கட்சால் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "அதுவும் இந்தியாதான்" என்றார் கிளார்க். இந்தியாவுக்குத்தானே வந்தோம் என்று கிளம்பினோம். கப்பலில் ஏறிப் பார்த்தால் இந்தியா பின்னாலே போய்க்கொண்டிருந்தது.

கட்சால் ஒரு தீவு. அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினோம். தீவில் இறங்கிய நாளைக் கப்பல் நாள் என்று வைத்துக்கொண்டோம். வருஷா வருஷம் அந்தக் கப்பலில் வந்த குடும்பங்களெல்லாம் ஒரு வீட்டில் கூடிச் சமைப்போம். வந்தவர்களில் மூத்தவர் யாரோ அவர்தான் முதல் கரண்டிச் சோறு போட வேண்டும். போட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது மிச்சம் நானும் பாக்கியமும். பாக்கியம் லயத்து வரிசை வீட்டில் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி. அவள்தான் மூத்தவள் என்று அவள் சொல்கிறாள், நான்தான் என்று நான் சொல்கிறேன். சர்க்கார் காகிதத்தைப் பார்த்துத் தீர்க்கலாமென்றால், முகாம் கிளார்க் எங்கள் வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே பிறந்த நாளைப் போட்டுவிட்டார். என் அப்பாவுக்கும் அதே நாள்தான். ஆகவே ஒரு வருஷம் அவள், ஒரு வருஷம் நான்.

பெரிய அலை வந்த பிறகு நான் மகனோடு வடக்கே பெரிய தீவில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்கு வந்துவிட்டேன். பாக்கியம் கட்சாலை விடவில்லை. இந்த வருஷம் கப்பல் நாள் என் வீட்டில், கரண்டி என் கையில். அதோடு இன்னொன்று. அவளுடைய மகன் திருப்பூரில் இருக்கிறான், அம்மாவை இனித் தனியாக விட முடியாது என்று கூப்பிட்டுவிட்டான். கப்பல் நாள் முடிந்த கையோடு அவள் சென்னைக் கப்பல் ஏற வேண்டும். திரும்பி வரப்போவதில்லை. என் வீட்டில் அவளை உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புவது, அந்த மாதம் எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

2

அந்த நேரம் பார்த்து ஜெட்டிப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி காலில் ஏறியது. எனக்குச் சர்க்கரை உண்டு. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். காலிலிருந்து வாடை வந்ததும் மகன் சத்தம் போட்டு, படகு ஏற்றிச் சாத்தாம் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆட்டோவில் டெலானிபூர் மேட்டில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல மாட்டேன். மாத்திரைக்கு நான் இன்னமும் அங்கேதான் போக வேண்டும்.

பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் சூசம்மா சிஸ்டர், மலையாளி. நல்ல மனுஷி. ஆனால் நான் சேர்ந்த சமயம் அவர் மெயின்லேண்டில் தலைமைப் பயிற்சிக்குப் போய்விட்டுப் புதிதாகத் திரும்பியிருந்தார். நர்ஸ் என்றால் ஊசி போட்டால் மட்டும் போதாது, தலைவியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வார்டும் புதுமையாக ஒன்று செய்து காட்ட வேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பார்க்க ஒரு கமிட்டி வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். எந்தப் புதுமை என்று மட்டும் சொல்லவில்லை.

முதலில், டியூட்டி தொடங்கும்போது எல்லா நர்ஸும் சேர்ந்து கை தட்டவேண்டும் என்று வைத்தார், உற்சாகத்துக்காம். முதல் நாள் கை தட்டினார்கள். மூன்றாம் கட்டில் வங்காளி அம்மாள் திடுக்கென்று எழுந்து, யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டதென்று நினைத்து, ஆணா பெண்ணா என்று கேட்டாள்.

அடுத்தது சிவப்பு ஏப்ரன். மருந்து கொடுக்கும் நர்ஸைப் பேச்சில் இழுத்தால் மருந்து மாறிப்போகுமாம். அதனால் மருந்து கொடுக்கும்போது அவள் சிவப்பு ஏப்ரன் போட்டுக்கொள்வாள், அவளோடு யாரும் பேசக் கூடாது. யோசனை நல்ல யோசனைதான். அனிதா என்று ஒரு நர்ஸ், ராஞ்சிக்காரர்களின் பெண், இங்கேயே பிறந்தவள். அவள் அந்த ஏப்ரனைக் காலையில் மாட்டினால் டியூட்டி முடியும்போதுதான் கழற்றினாள். அதைப் போட்டுக்கொண்டே டீ குடித்தாள். டாக்டரே அவளைக் கூப்பிடத் தயங்கினார். வங்காளி அம்மாள் பெட்பேன் வேண்டுமென்று கையைக் காட்டினாள், கண்ணைக் காட்டினாள், கடைசியில் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. படுக்கை விரிப்பு மாற்றியவளும் அனிதாதான். ஏப்ரன் அலமாரிக்குப் போனது.

நம் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவை நினைத்துக்கொண்டேன். எந்த வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணி. வயிற்றுவலிக்கு ஒரு மூடி, காய்ச்சலுக்கு இரண்டு மூடி. ஏப்ரன் இல்லாமலே அவரோடு யாரும் பேச முடியாது.

3

டியூட்டி மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கு ஓவர் கொடுப்பது என்று பேர். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குக் கங்காணி பேர் கூப்பிட்டது மாதிரிதான், ஆனால் நாம் படுத்துக்கொண்டிருப்போம்.

அன்றைக்கு அனிதா என் கால்மாட்டில் நின்று ஓவர் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "பெட் செவன். டயபெடிக் ஃபுட். டிரெஸ்ஸிங் ஹோ கயா. கானா பூரா நஹீ காயா. தோடீ சிட்சிடீ ஹை."

இந்தத் தீவுகளில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு ஹிந்தி வராதா? சர்க்கரைக் கால், கட்டுப் போட்டாயிற்று, சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடவில்லை என்பது வரைக்கும் சரி. கடைசியில் சொன்னது, கொஞ்சம் சிடுசிடுப்பவள் என்று. அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், ஓசையே சொல்லிவிடும். எனக்கு ஒரு பேர் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது, கப்பல் சீட்டில் இருந்தது. பெட் செவன் சிடுசிடுப்பாம்.

மறுநாள் வரைக்கும் பொறுத்திருந்தேன். டியூட்டி மாறுகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வருகிற நர்ஸைக் கூப்பிட்டு அனிதாவைக் கையால் காட்டி, அவளுடைய ராகத்திலேயே ஹிந்தியில் ஆரம்பித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அனிதா. காலைலேருந்து சாப்பிடல. ரெண்டு டீ, ஒரு பிஸ்கட்டு. இடது செருப்பு வார் பிஞ்சி சேப்டி பின்னு குத்தியிருக்கு, அதனால சாய்ஞ்சி நடக்குறா. பாத்ரூமுக்கு ஒரு தடவதான் போனா. மூணாம் கட்டிலுகிட்ட கோவிச்சிக்கிட்டா, டாக்டருகிட்ட சிரிச்சா. கொஞ்சம் சிட்சிடி. கவனிச்சிக்க."

வார்டே சிரித்தது. வங்காளி அம்மாள் மறுபடி எழுந்து உட்கார்ந்தாள். அனிதாவுக்கு முகம் சிவந்தது. "மாஜி!" என்றாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் சூசம்மா சிஸ்டர். திட்டப்போகிறார், நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவரோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மே, இதை ஒருக்கா கூடிச் சொல்லாமோ?"

"எதுக்கு?"

"நான் எழுதி எடுக்கட்டே." பிறகு அனிதா பக்கம் திரும்பி, "நீ சாப்பிடலயா? போயி சாப்பிடு. இப்போ!" என்றார்.

சீண்டுவதற்காகச் சொன்னதைப் புதுமை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நான் என்ன செய்ய?

4

மறுநாளிலிருந்து அது சட்டமாகிவிட்டது. நர்ஸ் நோயாளியைப் பற்றி ஓவர் கொடுப்பாள், நோயாளி நர்ஸைப் பற்றி ஓவர் கொடுப்பாள். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பேர் வைத்துச் சுவரில் ஒட்டினார்கள். சிஸ்டர் எனக்கு ஒரு கட்டளை மட்டும் போட்டார்: "கண்டது மாத்திரம் சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கேட்டோ." எனக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. பால் வெட்டும்போதும், எந்த மரம் எத்தனை சிரட்டை என்று கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன். வீட்டு விஷயம், போனில் அழுதது, இதெல்லாம் ஓவரில் வராது என்று நானே ஒரு எல்லை வைத்துக்கொண்டேன்.

விளையாட்டுப் போல ஆரம்பித்தது, ஆனால் வேலை செய்தது. காய்ச்சலோடு நின்ற ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸுகளுக்குச் சாப்பிட நேரம் கிடைத்தது. அனிதா மட்டும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மாஜி, என் செருப்பயெல்லாம் ஊருக்கே சொல்லணுமா?"

"புதுசு வாங்கு. சொல்ல மாட்டேன்."

வாங்கினாள். அதையும் ஓவரில் சொன்னேன், நல்லதையும் சொல்ல வேண்டுமில்லையா. என் பேத்தி என்னை அப்பாயி என்று கூப்பிடாமல் ஹிந்தியில் தாதி என்றுதான் கூப்பிடுவாள். அங்கே நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதி என்றால் நர்ஸ். நான் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன். இப்போது பார்க்க வந்தவள் சுவரில் ஒட்டியதைப் படித்துவிட்டு, "தாதி, ஆப் தோ சச்மே தாதி பன் கயீ" என்று சிரித்தாள். நிஜமாகவே தாதி ஆகிவிட்டேனாம்.

கால் ஆறிவிட்டது. டாக்டர் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் பையைக் கட்டினேன். சிஸ்டர் ஓடிவந்தார்.

"அம்மே, கமிட்டி வருது. ஒரு ரெண்டு திவசம் கூடி இருக்கணும்."

மலையாளத்தில் திவசம் என்றால் நாள். எனக்கு அது தெரியும், இருந்தாலும் ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லியே. நல்லா இருக்குற ஆளுக்குக் கட்டிலு எதுக்கு?"

"நீங்க போனா புதுமையும் போகுமே!"

கமிட்டி வரவில்லை. மழையில் விமானம் இறங்காமல் மெயின்லேண்டுக்கே திரும்பிப் போய்விட்டதாம். அடுத்த விமானம் என்றார்கள், அதுவும் திரும்பியது. என் டிஸ்சார்ஜ் காகிதம் கையெழுத்தாகாமல் மேஜையில் கிடந்தது. வியாதி வந்து படுத்தேன், வியாதி போன பிறகும் படுத்திருந்தேன். கப்பல் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மகனை விட்டுப் பேசச் சொன்னேன். அவன் போய்ப் பேசிவிட்டு வந்து, "அம்மா, சிஸ்டர் அழுவுறாங்கம்மா" என்றான். பிறந்ததிலிருந்தே அவனுக்குப் பேச வராது.

5

பாக்கியம் கட்சாலிலிருந்து வந்து என் வீட்டில் இறங்கிவிட்டாள். நான் இல்லாத என் வீட்டில். பேத்தி போனில் படம் எடுத்து அனுப்பினாள். என் அடுப்படியில், என் சருவச்சட்டியில், பாக்கியம் குழம்பு கிண்டுகிறாள். அகப்பையை வலது கைப் பக்கம் மாட்டியிருக்கிறாள். நான் இடது பக்கம் மாட்டுவேன்.

மறுநாள் காலையில் என்னைப் பார்க்கப் படகேறி வந்திருக்கிறாள். வாட்ச்மேன், சாயங்காலம்தான் பார்வையாளர் நேரம், அப்போது வா என்றிருக்கிறான். கட்சாலிலிருந்து கடல் தாண்டி வந்தவளைச் சாயங்காலம் வா என்றால்? அங்கேயே நின்று பார்த்திருக்கிறாள். ஓ.பி. வரிசையில் நிற்கிறவர்களை மட்டும் ஒருவரும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறார்கள். போய் அதில் நின்றுகொண்டாள். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதும், தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாராம்.

பாக்கியம் சக்கர நாற்காலியில் வார்டுக்குள் வந்தாள், தேரில் வருகிற மாதிரி. எட்டாம் நம்பர் கட்டிலில், எனக்குப் பக்கத்திலே போட்டார்கள்.

"என்னாடி இப்புடி வந்து சேந்துட்ட?" என்றேன்.

"ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன். புடிச்சி வச்சிட்டானுங்க."

"நெசமாவே பிரஷர் ஏறிக் கெடக்காம்ல?"

"நான் பொய்தான்டி சொன்னேன். அது எப்புடி நெசமாச்சின்னு தெரியல."

கப்பல் டிக்கெட் அவள் பையில் இருந்தது. டாக்டர் சொல்லிவிட்டார், பிரஷர் இறங்கினால்தான் கப்பல் ஏற விடுவேன், நடுக்கடலில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று. திருப்பூரிலிருந்து மகன் போனில் சத்தம் போட்டான். பாக்கியம் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "ஆமாய்யா, ஆமாய்யா" என்றாள்.

6

இப்படியாகக் கப்பல் நாள் வந்தது. பாம்பூஃப்ளாட்டில் என் வீட்டில் எல்லாக் குடும்பமும் கூடி, கப்பலில் வந்த இரண்டு பேரும் இல்லாமலே சமைத்துச் சாப்பிட்டார்கள். முதல் கரண்டியை என் பேத்தி போட்டாளாம். அவளுக்குக் கப்பல் என்றால் ஸ்கூல் டூரில் போன கப்பல்தான்.

"ஒன் பேத்தி போட்டாளா?" என்றாள் பாக்கியம். "அப்ப இந்த வருசக் கணக்கு ஒனக்குச் சரி. அடுத்தது நான்தான்."

அடுத்த வருஷம் அவள் திருப்பூரில் இருப்பாள்.

மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது. கஞ்சியும் பருப்பும், அவளுக்கு உப்பில்லாமல். பாக்கியம் எட்டிக் கரண்டியைப் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். வண்டிக்காரர் பயந்துபோய், "அம்மா, சர்க்காரி சம்மச் ஹை, சோடோ!" என்றார். சர்க்கார் கரண்டியாம், விட வேண்டுமாம். விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே அவள் தட்டில் ஒன்று, என் தட்டில் ஒன்று போட்டோம். பாதி கீழே சிந்தியது.

சாப்பிட்டு முடித்ததும் வாளிப் பேச்சு வந்தது. கப்பலில் வந்தபோது, அலையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. எங்களிருவருக்கும் ஒரே வாளி. நான்தான் அவள் தலையைப் பிடித்துவிட்டேன். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நீயா? நான்தான்டி ஒன் தலயப் புடிச்சேன்! ஒன் சடை வாளிக்குள்ள போயி, நான் அலசிவிட்டேன்."

"எனக்கு அப்ப சடையே இல்ல. மண்டபத்துல பேனுக்கு வெட்டிவிட்டாங்க."

"வெட்டுனது எனக்கு!"

"ஒனக்கு வெட்டுற அளவுக்கு முடி எங்க இருந்துச்சி?"

அனிதா வந்து பட்டையைச் சுற்றினாள். பிரஷர் முந்தின நாளைவிட மேலே போயிருந்தது. டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இனி இவங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட. பேசினா இவங்க கப்பல் ஏற முடியாது" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியத்தை ஜன்னல் ஓரத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். பத்தாது என்று நினைத்தாரோ என்னவோ, சூசம்மா சிஸ்டர் அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்பு ஏப்ரனை எடுத்துவந்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். இது போட்டிருக்கிறவரோடு யாரும் பேசக் கூடாது என்று பாக்கியத்துக்கு விளக்கம் வேறு. எத்தனையோ தலைமுறையாக நம் குடும்பத்துப் பெண்கள் எத்தனையோ உடுத்தியிருக்கிறார்கள், இப்படி ஒன்றை உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான்.

பாக்கியத்துக்கு வாயைக் கட்ட முடியுமா? என் காதில் விழ வேண்டியதையெல்லாம் வங்காளி அம்மாளிடம் ஹிந்தியில் உரக்கச் சொன்னாள். திருப்பூரில் மகன் வீட்டில் லிப்ட் இருக்கிறதாம், பட்டனை அமுக்கினால் போதுமாம். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீராம். தனி அறையாம், அதில் தனி டி.வி.யாம். "கட்சால்ல என்னா இருக்கு? கொசுவும் கப்பலு வராத நாளுந்தான்" என்றாள். வங்காளி அம்மாள் கேட்டுக் கேட்டுத் தலைவலி மாத்திரை வாங்கினாள்.

சரி, போக ஆசைப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். கூடவே இருந்து வயதானவள் ஒருத்தி, வசதியான இடத்துக்குப் போகிறாள். நான் ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பிரஷர் ஏறும், கப்பல் போய்விடும், இன்னொரு கப்பல் வரும்வரை இங்கேயே இருப்பாள். எனக்கு அது தெரியும். அவளோடு கழிக்கக் கிடைத்த கடைசி நாட்கள் அவை, பக்கத்தில்தான் இருந்தாள், அந்த நாட்களில் நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு நான் செய்த பெரிய உதவி அது. அதையும் அவளிடம் சொல்ல முடியாது, ஏப்ரன் கழுத்தில் இருந்தது.

7

கப்பல் கிளம்புகிற அன்று வானம் தெளிந்தது. காலை விமானத்தில் கமிட்டியும் வந்துவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், கதர்ப் புடவை கட்டிய ஒரு அம்மாள், காமிராவோடு ஒருவர். சிஸ்டர் என் கழுத்திலிருந்த ஏப்ரனைப் பறித்துத் தலையணைக்கடியில் செருகினார். என் மகன் கீழே ஆட்டோவோடு நின்றான், பாக்கியத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. அவளுடைய பையும் பெட்டியும் கட்டி வைத்திருந்தது.

அனிதா ஓவர் கொடுத்தாள், இப்போது என்னைப் பேர் சொல்லி. நான் அனிதாவைப் பற்றி ஓவர் கொடுத்தேன்: சாப்பிட்டாள், செருப்பு நன்றாக இருக்கிறது, பயத்தில் கை வியர்த்திருக்கிறது. கமிட்டி சிரித்துக்கொண்டே எழுதியது. கதர்ப் புடவை அம்மாள், இப்படி ஒன்றை நாங்கள் எங்கும் பார்த்ததில்லை என்றார். அதை நானும் நம்புகிறேன்.

அப்போது ஜன்னலோரத்தில் டாக்டர் பாக்கியத்தின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பார்த்தார், திரும்பவும் சுற்றிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கூட இருந்தா விட மாட்டேன். கொஞ்சம் கம்மியா இருந்தா விட்டுடுவேன். இது நடுவுல நிக்குது" என்றார். பாக்கியத்திடம், தலை சுற்றுகிறதா என்று கேட்டார். "தெரியலயே டாக்டரு" என்றாள் அவள்.

சூசம்மா சிஸ்டருக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? "சார், நம்ம செவன்கிட்டக் கேட்டுக்குங்க. அவங்க கண்டதுதான் சொல்வாங்க. ராத்திரியும் காலையிலயும் இவங்களப் பாத்துட்டே இருந்தாங்க." கமிட்டியிடம் திரும்பி, நோயாளியே நோயாளிக்கு ஓவர் கொடுப்பார் பாருங்கள் என்றார். காமிராக்காரர் காமிராவைத் தூக்கினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியமும் பார்த்தாள். கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். கொண்டையைச் சரிசெய்கிறாள், படம் எடுக்கிறார்கள் என்பதற்காக, என்று நினைத்தேன்.

காலையில் கொஞ்சம் தலை சுற்றி உட்கார்ந்தாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். மெயின்லேண்டுக் கப்பல் போய்விடும், அவள் என்னோடு பாம்பூஃப்ளாட்டுக்கு வருவாள், அகப்பையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் லிப்டும் சுடுதண்ணீருமாக அவள் போக நினைக்கிற இடத்துக்குக் குறுக்கே நான் நிற்கவா? அதுவும் இத்தனை பேர் முன்னால் காணாததைக் கண்டேன் என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை.

"ராத்திரி நல்லா தூங்குனா," என்றேன் ஹிந்தியில். "கொறட்டகூட விட்டா. காலைல தானா நடந்து பாத்ரூமுக்குப் போயிட்டு வந்தா, செவுத்தப் புடிக்கல. இட்லி சாப்பிட்டா. தலை சுத்தல் இல்ல. போகலாம்."

டாக்டர் தலையை ஆட்டிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கமிட்டி கை தட்டியது. நர்ஸுகளும் கை தட்டினார்கள், அவர்களுக்குத்தான் பழக்கம் இருந்ததே. சூசம்மா சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாக்கியம் கட்டிலைவிட்டு இறங்கி, நேராக என்னிடம் வந்து நின்றாள். இத்தனை நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"ஒரே ஒரு பொய். அதுகூடச் சொல்ல வரலயாடி ஒனக்கு?"

கை தட்டல் இன்னும் நிற்கவில்லை.

கண்ணாடிக்காரர் ஆவலாக என் பக்கம் குனிந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ஹிந்தியில் கேட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். அனிதா என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்களாம்," என்றேன் ஹிந்தியில். "ரொம்ப நன்றிங்கிறா. சந்தோசமாப் போறாளாம்."

மறுபடியும் கை தட்டினார்கள். காமிராக்காரர் எங்களிருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். கட்சாலில் இத்தனை வருஷம் ஹிந்தி பேசியவள் பாக்கியம், நான் சொன்னது ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்திருக்கும். பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டாள். காமிராவைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்.

"இப்ப மட்டும் எப்புடிடி வந்துச்சி?"